படி என்றால் நெல்லாம்!

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் பேரன் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். எனக்கு அழைப்பு இல்லைதான்... ஆனால் கூட்டம் முடிந்ததும் போண்டா உண்டு என்று பேரன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். விடுவேனா?

மேடையில் ஒரு கோட்டுக்காரர். சுவரில் படம் காட்டிக்கொண்டே கேட்டார் — "சீன மாணவர்கள் எதற்காகப் படிக்கிறார்கள், தெரியுமா? பிலிப்பைன்ஸ் மாணவர்கள் எதற்காகப் படிக்கிறார்கள், தெரியுமா?"

அவரே பதிலும் சொன்னார். சீனாக்காரனுக்குக் குடும்ப கௌரவமாம். பிலிப்பைன்ஸ்காரனுக்குக் குடும்பப் பாசமாம். வட்டம் வட்டமாகப் போட்டு, நடுவில் அம்புக்குறி வேறு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட் அம்மா முறைத்தாள். நான் என்ன செய்ய? ஒரு சீனப் பிள்ளைக்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளைக்கும் மூன்று மாசத்துக்கு மேல் சோறு போட்டவள் நான். அவர்கள் எதற்குப் படித்தார்கள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம்... அவர்களால் என் வீட்டில் ஒருத்தி படித்தாள். அந்தக் கதையில் நான்தான் வில்லி.

சொல்கிறேன். போண்டா கதை அப்புறம்.

அறுபதுகளின் கடைசி. திருவாலங்காட்டை ஒட்டி எங்களுக்கு மூன்று காணி நஞ்சை. வயலோரத்திலேயே வீடு. அப்போதுதான் ஐ.ஆர். எட்டு என்று ஒரு குட்டை நெல் புதிதாக வந்திருந்தது. பிலிப்பைன்ஸில் பிறந்த நெல் என்றார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதன்மேல் நம்பிக்கையே இல்லை.

"இடுப்பு உசரங்கூட வளராதாமே... அப்ப வைக்கோலு? மாடு இன்னாத்தத் துன்னும், உன் மூஞ்சியவா?" — இதுதான் எங்கள் ஊர் ஆராய்ச்சி.

என் வீட்டுக்காரர் மட்டும் அரசாங்க நெல் பண்ணைக்காரர்கள் பேச்சைக் கேட்டு, நவரைப் பட்டத்துக்கு அரைக் காணியை ஒதுக்கிக் கொடுத்தார். தை மாசம் நாற்று நட்டதும் நெல்லுக்குப் பின்னாலேயே இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நெல்லைப் பற்றிப் படிக்கிற காலேஜ் பிள்ளைகள். திருவள்ளூரில் தங்கல். காலை பாசஞ்சரில் வருவார்கள், பொழுது சாய்ந்ததும் அடுத்த வண்டியில் திரும்பிப் போவார்கள். மத்தியானச் சோறு எங்கள் வீட்டில்.

பையன் பேர் லிம். மலேயாவில் கெடா பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிற சீனக் குடும்பம். கண்ணாடி போட்டிருப்பான். வியர்த்தால் அது மூக்கிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கண்ணாடியை நாற்று மாதிரி பிடுங்கி எடுப்போம்.

பெண் பிலிப்பைன்ஸ்காரி. என் தோள் உயரம்கூட இல்லை. சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பேர் லூஸ்.

ஆமாம். லூஸ்.

"பேரு இன்னாவாம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"லூஸாம்."

"ச்சே... பாக்க நல்லாத்தானே கீது. யாரு அப்டிச் சொன்னது?"

அவர்கள் ஊரில் அதற்கு வெளிச்சம் என்று அர்த்தமாம். அதை எங்கள் ஊருக்கு யார் உட்கார்ந்து விளக்குவது? கழுத்தில் சிலுவை தொங்கியது... நானே 'லூர்து' என்று மாற்றிவிட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். போதாதா?

முதல் நாள் லிம் வரப்பில் நின்று, பயிரைக் கையால் காட்டி, என்னைப் பார்த்து "படி! படி!" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணாம் கிளாஸோடு நின்றவளைப் பார்த்து, வந்த முதல் நாளே 'படி' என்றால்?

"இன்னாபா, வந்ததும் வராததுமா என்னப் படிக்கச் சொல்ற? நான் ரெண்டு எருமைக்குத் தண்ணி காட்டணும்."

கூட வந்திருந்த பண்ணை பீல்டுமேன் ஏழுமலை சிரித்தார். "யக்கா, அவங்க ஊர்ல நெல்லுக்குப் பேரே படிதான். இங்கிலீஷ்லயும் கிட்டத்தட்ட அதான்."

எனக்கு அவர்கள் 'படி'யை விளக்கிவிட்டார். அவர்களுக்கு நம் 'படி'யை விளக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்கள் வேலையைப் பார்க்க வேண்டுமே! காலை முதல் குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு பயிரும் எத்தனை கிளை விட்டுத் தூர் கட்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணின பயிருக்கு அடையாளமாகக் கலர் நூல் கட்டுவார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "டேய், சீனாக்காரன் பயிருக்குத் தாலி கட்றான்டா!" என்று கத்திவிட்டுப் போவார்கள். லிம்முக்குப் புரியாது. அவர்களுக்கும் கை காட்டி, "படி! படி!" என்பான்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்தால் தீர்ந்தது. முதல் தடவை பயந்துகொண்டேதான் வைத்தேன். வெளியூர்ப் பிள்ளைகள், நாற்றம் பிடிக்குமோ என்னவோ... லூர்து மோந்து பார்த்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் வீட்டிலும் தினம் அதுதானாம். லிம் மூன்று தடவை சோறு வாங்கினான். "அம்மா" என்று அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை, கருவாட்டுச் சட்டியைப் பார்த்துச் சொன்னதுதான்.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். கஸ்தூரி. ஒரே பெண். ஒன்பதாம் வகுப்பு — இரண்டாவது வருஷமாக.

கணக்கு வராது. ஆனால் வாய்? தமிழ், தெலுங்கு, அரைகுறை இங்கிலீஷ், எதிலும் ஓடும். முதல் தடவை ஃபெயில் ஆனபோதே என் வீட்டுக்காரர் முடிவு சொல்லிவிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்வார். அப்படிச் சொன்னால் முடிந்தது என்று அர்த்தம்.

"இந்த ஒரு வருசம். இதுலயும் போச்சுன்னா எளாவூருக்கு அனுப்பிச்சுடலாம். அக்கா கேட்டுக்கினே கீது."

எளாவூரில், செக்போஸ்ட் பக்கத்தில் என் நாத்தனாருக்கு லாரிக்காரர்களுக்கான நாஷ்டா கடை. விடியற்காலை மூன்று மணிக்கு மாவாட்ட ஆள் வேண்டும். ஆட்டுக்கல் அங்கே தயார். ஆள்தான் பாக்கி.

என்னை ஒன்பது வயசில் நிறுத்தினார்கள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் பஸ் போர்டைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்று தெரிந்தபோதுதான் உறைத்தது. அதனால் கஸ்தூரி ஸ்கூலிலிருந்து வந்த நிமிஷம் முதல் என் வாயில் ஒரே வார்த்தைதான்.

"படி!"

அவள் காப்பி குடிப்பாள். "படி!" பூ கட்டுவாள். "படிடீ!" கன்றுக்குட்டியோடு குசலம் விசாரிப்பாள். "அடியே, படிச்சுத் தொலையேன்! எளாவூர்ல போய் மாவாட்டப் போறியா?"

"இதோ படிக்கிறேம்மா" என்பாள். புஸ்தகத்தை எடுப்பாள்... எடுத்துக்கொண்டு நேராக வயலுக்குப் போய்விடுவாள். அங்கே இரண்டு பேர் இங்கிலீஷில் பேசக் கிடைத்திருக்கிறார்களே!

ஒரு சனிக்கிழமை நானே அவர்களைக் கேட்டேன். கஸ்தூரிதான் மொழிபெயர்ப்பு.

"ஏம்பா, இந்த வெயில்ல நூலக் கட்டிக்கினு, எண்ணிக்கினு... ராத்திரி போய் வேற படிக்கிறீங்களாமே. யாரு உங்கள அப்டிப் புடிச்சுத் தள்றது?"

லூர்துதான் முதலில் பதில் சொன்னாள். அவளுக்குக் கீழே நாலு பேர். அவள் முடித்து வேலைக்குப் போனால் அடுத்தவன் காலேஜுக்குப் போவான். அவன் முடித்தால் இருவரும் சேர்ந்து மூன்றாவதை அனுப்புவார்கள். கெரசின் க்யூ மாதிரி. "நான் உக்காந்துட்டா பின்னாடி கீறவங்க எல்லாம் உக்காந்துடுவாங்களாம்மா" என்றாள் கஸ்தூரி.

லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். கஸ்தூரியும் வழக்கமான வேகம் இல்லாமல் சொன்னாள்.

"அவங்க அக்கா கிளாஸ்ல ஃபஸ்ட்டாம்மா. இவரு அவங்களவிட கம்மியாம். ஆனா கடைக்கு ஒரு ஆளு வேணும்னு அக்காவ நிறுத்திட்டாங்களாம். இப்ப அவங்க கடையில சக்கரை நிறுத்துக்கினு கீறாங்க, இவரு படிக்கிறாரு."

"மார்க்கு கொறஞ்சா அக்கா திட்டுவாங்களா?" என்றேன்.

லிம் இல்லை என்று தலையாட்டினான்.

"ஒண்ணுமே சொல்லமாட்டாங்களாம்மா. அதான் பயமாம்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. லிம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பையே கேட்கவில்லை என்றால் பாருங்கள்! லூர்து கஸ்தூரியைக் கண்டால் பெற்ற தாய் மாதிரி தலையைத் தடவினாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் நான் வாசலில் நின்று, "கஸ்தூரி! படி!" என்று கத்தினதுதான் தாமதம் — லிம் வரப்பிலிருந்து விறுவிறுவென்று வந்தான். முகமெல்லாம் சிவப்பு.

"அம்மா! நோ படி! கஸ்தூரி, நோ படி! கஸ்தூரி, ஸ்கூல்!"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படிக்க வேண்டாம், ஸ்கூலுக்குப் போகட்டுமா? இது என்ன கூத்து?

"இன்னாடி சொல்றாரு?"

கஸ்தூரி முகத்தில் ரத்தமே இல்லை. "ஒண்ணுமில்லம்மா... வெயிலு ஜாஸ்தியா கீதுன்றாரு."

ஆறு மணிக்கு என்ன வெயில்?

மறுநாள் சாயங்காலம் எருமைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பம்புசெட் ரூம் பக்கம் போனேன். உள்ளே பேச்சு. வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் திருட்டுத்தனம் எந்தப் பாஷையில் இருந்தாலும் தெரியும்.

"யுவர் மதர்... எவ்ரி டே... படி, படி, படி!" — இது லூர்து.

"யெஸ். மதர் வெரி பேட். ஆல்வேஸ் ஃபீல்டு ஒர்க். நோ ஸ்டடி." — இது நான் பத்து மாசம் சுமந்து பெற்றது!

மதர் தெரியும். பேட் தெரியும். ஃபீல்டும் தெரியும், ஏழுமலை பீல்டுமேன் ஆயிற்றே. மூன்றையும் கூட்டிக் கழித்தேன்... புரிந்துவிட்டது.

நான் 'படி படி' என்று கத்துவது அவர்கள் காதில் 'நெல்லு நெல்லு' என்று விழுந்திருக்கிறது! பொழுது விடிந்து பொழுது போனால் ஒரு தாய், ஸ்கூல் விட்டு வந்த பெண்ணைப் பார்த்து, "போ நெல்லுக்கு! போடீ நெல்லுக்கு!" என்று விரட்டுகிறாள். அந்தப் பெண்ணும் பாவம், புஸ்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வயலுக்கு ஓடி வருகிறாள். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா? அவர்கள் கேட்டிருக்கிறார்கள். என் மகள், கேட்ட வாய்க்கு ஆமாம் போட்டு, இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டிருக்கிறாள்.

காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரத்தான் இரண்டடி வைத்தேன். அப்போது ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன்.

கஸ்தூரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆமாம், கணக்கு. லூர்து பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டுகிறாள். லிம் வாசல் பக்கம் காவல். அவர்கள் முன்னால் 'படிக்கத் துடிக்கிற ஏழைப் பெண்' வேஷம் போட்டாயிற்று. இனிமேல் சும்மா உட்கார முடியுமா? துடித்துத்தானே ஆகவேண்டும்! இவ்வளவு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது, அவள் சொன்ன ஒரு பொய்யால் நடந்துகொண்டிருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் நாலடி பின்னால் நகர்ந்து, பலமாக ஒரு இருமல் இருமினேன். புஸ்தகம் சாக்குக்கு அடியில் ஓடியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற இங்க? படி! எந்திரி... படி!"

லிம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதில் இரண்டு இட்லி வேகும்.

அன்றிலிருந்து எனக்கு டபுள் வேலை. மத்தியானம் சமையல். சாயங்காலம் கொடுமைக்காரி.

பம்புசெட் பக்கம் போய் ஒரு கத்து. அவர்கள் புஸ்தகத்தை ஒளித்ததும் திருப்தியோடு திரும்பி வருவேன். நான் போனதும் மறுபடி எடுப்பார்கள். எதை ஒளித்துச் செய்கிறோமோ அதில் பிள்ளைகளுக்கு வருகிற ருசியே தனி. ஒரு நாள் உற்சாகத்தில் கணக்குப் புஸ்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன். அப்புறம்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அதிகப்படியாகப் போய்விட்டோமோ என்று. மறுநாள் லிம் திருவள்ளூரிலிருந்து புதுப் புஸ்தகமே வாங்கிக்கொண்டு வந்து நின்றான், சட்டைக்குள் ஒளித்து! வயிறு சதுரமாக இருந்தது. நான் பார்க்காத மாதிரி எருமையைத் திட்டினேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"ஏம்மே, பொண்ணு ஒரு வழியா புஸ்தகமும் கையுமா கீது. நீ ஏன் மூஞ்ச உர்ருன்னு வெச்சிக்கினு கீற?"

"அது படிக்கிறதே அதனாலதான். நீங்க சும்மா இருங்க, பேஜாரு பண்ணாதீங்க."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் விளையாட்டாக இல்லை. லிம் என்னை 'அம்மா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். 'மேடம்' என்றான். சோற்றுத் தட்டை வாங்கும்போது, "தேங்க்யூ மேடம்." அந்த வார்த்தை சோற்றில் கல் மாதிரி நறுக் என்று கடிபடும். அவன் அக்காவை நிறுத்தினவர்கள் மேல் உள்ள கோபம் எல்லாம் என்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. 'இல்லடா கண்ணு, நான் உன் கட்சிதான்டா' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் துறுதுறுக்கும். சொன்னால் கஸ்தூரி மாட்டுவாள். மாட்டினால் கணக்குப் புஸ்தகம் மூடும். மூடினால் எளாவூர்.

வாயை மூடிக்கொண்டு குழம்பை ஊற்றினேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு கண்டம் வந்தது. வரப்பில் ஏழுமலை அவர்கள் இரண்டு பேரோடும் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். புஸ்தகம் படிக்கிற மாதிரி கையை விரித்து வைத்து, "படி!" அப்புறம் பயிரைக் காட்டி, "படி!" சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். போச்சு, குட்டு உடைந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் மறுநாள் லிம் என்னை முன்னைவிடக் கடுமையாக முறைத்தான். லூர்து கஸ்தூரியை என் கண்ணில் படாமல் மறைத்து அழைத்துக்கொண்டு போனாள். அப்பாடா... ஏழுமலை விளக்கியது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை என்று நிம்மதியாகிப் போனேன்.

பரீட்சை வந்தது, போனது. நெல்லும் அறுத்தார்கள். குட்டை நெல் மூட்டை மூட்டையாகக் கொட்டியது. மாடு என்னத்தைத் தின்னும் என்று கேட்டவர்களே விதைக்கு வந்து நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்புகிற நாள்.

லூர்து என்னைக் கட்டிக்கொண்டாள். விட மாட்டேன் என்கிறாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முதுகைத் தட்டிக் கொடுத்தால்... சிரிக்கிறாள்!

லிம் எதிரில் வந்து நின்றான். கைகட்டி, ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, யாரிடமோ கேட்டு மனப்பாடம் பண்ணின தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"அம்மா... நீங்க... ரொம்ப நல்லா... திட்றீங்க."

அம்மா என்றானே!

அப்புறம்தான் மிச்சம் உறைத்தது. தெரிந்திருக்கிறது. ஏழுமலை சொன்ன அன்றே தெரிந்திருக்கிறது. பரீட்சை வரைக்கும் மூன்று வாரம் நான் கொடுமைக்காரியாக நடித்தேன், அவர்கள் கொடுமையைக் கண்டு கொதிக்கிறவர்களாக நடித்தார்கள். கஸ்தூரி ஒருத்திக்காக. நான் அவர்களை ஏமாற்றினதாக நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார்கள்!

"இன்னாம்மா சொல்றாரு?" என்று கஸ்தூரி ஓடி வந்தாள். மொழிபெயர்ப்பாளிக்கே மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட நாள்.

"வெயிலு ஜாஸ்தின்றாரு" என்றேன்.

பாசஞ்சர் வண்டி போன பிறகும் ரொம்ப நேரம் பிளாட்பாரத்தில் நின்றேன்.

வைகாசியில் ரிசல்ட். அன்றைக்குப் பார்த்து என் நாத்தனார் எளாவூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரியின் துணிமணிக்கு என்று கையோடு ஒரு டிரங்குப் பெட்டிகூட. அவ்வளவு நம்பிக்கை என் மகள்மேல்!

கஸ்தூரி தெருக்கோடியிலிருந்தே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் நாத்தனார்.

"பாஸ் அத்தே! கணக்குல முப்பத்தெட்டு!"

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"அப்ப மாவாட்ட யாரு வருவா?"

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். செம்பைச் சாய்த்துக் கை கழுவினார். நிதானமாகத் துண்டில் துடைத்தார்.

"பத்தாவது பொஸ்தகம் எங்க விக்கிறான்?" என்றார்.

அவ்வளவுதான். நாத்தனார் காலி டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். பாவம், அவளுக்கு மாங்காய் கொஞ்சம் போட்டு அனுப்பினேன்.

அன்று விளக்கு வைத்த பிறகு கஸ்தூரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாஸான பெண் மாதிரியே இல்லை.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அவங்ககிட்ட உன்னப் பத்தி... தப்பா சொல்லிட்டேன். நீ என்னப் படிக்க உடறதில்லன்னு."

"அய்யய்யோ!" என்றேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். இரண்டு மாசப் பயிற்சி வீண் போகவில்லை.

"மொதல்ல சும்மாதான்மா சொன்னேன். ஆனா ஒரு நாளு கணக்குப் போட பேப்பர் இல்ல. லிம் அவரோட நோட்டக் குடுத்தாரு. அதுல முன்பாதி அவங்க அக்கா எழுத்தும்மா. ஸ்கூல்ல நிறுத்தச்சொல்ல பாதி நோட்டு மிச்சமாம். மிச்சத்துலதான் இவரு எழுதறாரு. அதுல ஒரு பக்கத்த எனக்குக் குடுத்துட்டாரு. பொய் சொல்லிக்கினே அதுல எழுத முடியலம்மா. அன்னிக்கிருந்துதான் நெஜமா படிச்சேன்."

நடிப்பு எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கௌரவம், பாசம் என்று பெரிய பெரிய வட்டம் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒருத்தி விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர் எழுதுகிறார்... அது மட்டும்தான் தெரிந்தது. யார் எழுதினால் என்ன?

"கோவமாம்மா?"

"அவங்க நம்பிட்டாங்களா நீ சொன்னத?"

"கடசி வரைக்கும் நம்பினாங்கம்மா. பாவம்."

"பாவம்தான்" என்றேன்.

அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் ஆரம்பத்திலிருந்தோ பாதியிலிருந்தோ எல்லாம் தெரியும், தெரியாத ஒரே ஆள் தான்தான் என்பது கஸ்தூரிக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

நான் சொல்லப் பேரன் எழுதித் தருகிற இதைப் படித்துத் தெரிந்துகொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் சண்டைக்கு வருவாள். என்ன செய்வது... ஒரு வரி விடாமல் படிக்கிற கெட்ட பழக்கத்தை உண்டாக்கியது நான்தானே!